ஒயிட் ஸ்வான் ஓட்டல், குவாங்சோ: பிறந்த ஊரைப் பார்க்க மகளோடு போகிறவர்களுக்கு

சீனாவின் குவாங்சோ நகரில், ஷாமியன் தீவில் இருக்கிற ஒயிட் ஸ்வான் ஓட்டலைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. படுக்கை எப்படி, காலைச் சாப்பாடு எப்படி, ஆறு தெரிகிற அறை கிடைக்குமா என்பதெல்லாம் தேடினால் வந்துவிடும். நான் எழுதுவது வேறு ஆட்களுக்கு. சீனாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்து, அவள் கல்லூரிக்குப் போகிற வயதில் வந்து நின்று "நான் பிறந்த ஊரைப் பார்க்கணும்மா" என்று கேட்கும்போது, எங்கே தங்குவது, இருக்கிற விடுமுறையை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கிற பெற்றோருக்கு. அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் இருக்கிறோம், எனக்கே சிலரைத் தெரியும், அவர்கள் மகள்களும் இப்போது அந்த வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டல் அருமையானது, கண்டிப்பாகத் தங்குங்கள். ஆனால் கொஞ்ச நாள் போதும். மிச்சத்தையெல்லாம் மகள் பிறந்த ஊருக்குக் கொடுங்கள். எங்கள் மகளுக்கு அது யாங்ஜியாங், குவாங்சோவுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கிற ஊர்.

இந்த ஓட்டலில் அப்படி என்ன என்று கேட்பவர்களுக்கு. ஹாங்காங் தொழிலதிபர் ஹென்றி ஃபோக் சீன அரசோடு சேர்ந்து கட்டி 1983இல் திறந்தது. வெளியார் முதலீட்டில் சீனாவில் எழுந்த முதல் பெரிய ஓட்டல்களில் ஒன்று, இங்கிலாந்து ராணி 1986இல் வந்து போயிருக்கிறார். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அதன் கதை 1992இல்தான் ஆரம்பிக்கிறது. அந்த வருடம்தான் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் அமலுக்கு வந்து வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு வழி திறந்தது. அமெரிக்காவுக்குப் போகிற தத்துக் குழந்தைகளுக்கு விசா கொடுத்தது குவாங்சோ துணைத் தூதரகம் மட்டும்தான். அந்தத் தூதரகம் பல வருடம் இந்த ஓட்டலுக்குப் பக்கத்திலேயே இருந்தது, குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனை செய்கிற இடமும் அதே தீவில். அதனால் குழந்தையை எந்த மாகாணத்தில் கையில் கொடுத்திருந்தாலும் எல்லா அமெரிக்கக் குடும்பமும் கடைசியில் குவாங்சோவுக்கு வந்தாக வேண்டும், அதில் பெரும்பங்கு இந்த ஓட்டலுக்குத்தான் வந்தது. சீனா மொத்தமாக வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்த குழந்தைகள் 1,60,000க்கும் மேல், அதில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. 2005ஆம் வருடம் மட்டும் ஏறக்குறைய 7,900 குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். அந்த நாள்களில் ஓட்டலின் முன்கூடத்தில் நின்றால் திரும்பின பக்கமெல்லாம் தள்ளுவண்டிதான். சிவப்பு சோபாவில் பட்டுச் சட்டை போட்ட குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள், ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பதும் அழும், கடைசிக் குழந்தை சரிந்து விழும். அந்தப் படம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது.

நாங்கள் போனது 2006. நியூஜெர்சியில் இருந்து விண்ணப்பித்து, வீட்டுக்கு வந்து விசாரித்த அறிக்கை, கைரேகை, சம்பளச் சான்று எல்லாம் பெய்ஜிங்குக்கு அனுப்பிக் காத்திருந்து, கடைசியில் ஒரு சின்னப் புகைப்படமும் உயரம் எடை எழுதின ஒரு தாளும் வந்தன. குழந்தை எந்த மாகாணமோ அந்த மாகாணத் தலைநகரில்தான் தத்து பதிவாகும். எங்கள் மகள் குவாங்டோங் மாகாணக் குழந்தை என்பதால் எல்லாமே குவாங்சோவிலேயே முடிந்தது, மற்றவர்கள் போல் இரண்டு ஊர் அலையவில்லை. அலுவலகத்தில் குழந்தையைக் கையில் கொடுத்ததும் அன்றைக்கே பதிவு செய்ய மாட்டார்கள், ஒரு நாள் உங்களோடு இருக்கட்டும், நாளைக்கு வந்து உறுதி சொல்லுங்கள் என்று அனுப்புவார்கள். அந்த முதல் ராத்திரியைக் கழித்த இடம் என்பதால் இந்த ஓட்டல் மேல் எனக்கு இருக்கிற பாசத்தை மறைக்கப் போவதில்லை, அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி குழந்தை பால் குடிக்கவில்லை. நாங்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன பால்மாவை டப்பாவில் சொன்ன அளவுக்குக் கலந்து, வெதுவெதுப்பாகக் கொடுத்தோம். வாயில் வைத்ததும் துப்பினாள், முதுகை வளைத்துக்கொண்டு அழுதாள். அறையைச் சுத்தம் செய்ய வருகிற அம்மா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது. புட்டியை வாங்கி உள்ளங்கையில் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி, அரிசிமாவு கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து கெட்டியாகக் கலந்து, ரப்பர் காம்பின் துளையை ஊசியால் பெரிதாக்கினார். நான் கொடுக்கவே பயப்படுகிற சூடு. குழந்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். அநாதைக் குழந்தைகள் இல்லங்களில் ஒரே ஆயாவுக்கு நிறையக் குழந்தைகள், சீக்கிரம் குடித்து முடிக்க இப்படித்தான் பழக்கியிருப்பார்கள் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மறுநாள் காலை உணவுக்கூடத்தில் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. ராமநாதபுரத்தில் எங்கள் அப்பத்தா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊட்டினது அதைத்தானே, எனக்குக் கைவந்த வேலை. பரிமாறுகிற பெண்கள் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு எங்களைச் சாப்பிடச் சொன்னார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை, தரையெல்லாம் கஞ்சி சிந்தியிருந்தும். ஒரு ஓட்டலை இதற்கு மேல் எதை வைத்து மதிப்பிடுவது?

அப்போது ஓட்டலில் தத்துக் குடும்பங்களுக்கு மேட்டல் நிறுவனத்தின் பார்பி பொம்மை ஒன்று தருவார்கள். பொன்னிற முடி பார்பி, அவள் கையில் ஒரு சீனக் குழந்தை. கடையில் கிடைக்காது என்பதால் அதைச் சேகரிக்கிறவர்கள்கூட உண்டு. எங்கள் மகள் ஐந்தாறு வயதில் அந்தப் பெட்டியை எடுத்து வந்து, "இது நான். இதுல நீ எங்கம்மா?" என்று கேட்டாள். அந்தப் பொம்மையைச் செய்தவர்கள் எங்களை நினைத்துச் செய்யவில்லைதான். குவாங்சோவில் அத்தனை குடும்பங்களுக்கு நடுவே, வேட்டியும் சேலையும் பெட்டியில் வைத்திருந்த ஒரே ஜோடி நாங்களாகத்தான் இருந்திருப்போம். மகளுக்கு அன்று நான் சொன்ன பதில், "நாம நம்ம பொம்மையை நாமளே செஞ்சுக்கலாம்" என்பது. பழைய சேலைத் துண்டில் ஒரு அம்மா செய்தோம், இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது.

சரி, இப்போதைய ஓட்டல். சில வருடம் மூடிப் பெரிய அளவில் புதுப்பித்து 2015இல் திறந்தார்கள். அறைகள் புதிது, குளியலறை விசாலம், ஆற்றுப் பக்க அறை எடுத்தால் பேர்ல் ஆற்றில் இரவெல்லாம் விளக்குப் படகு போவது தெரியும். கொஞ்சம் கூடுதல் பணம்தான், கொடுங்கள். முன்கூடத்துக்குள்ளேயே பாறை அடுக்கி அருவி விழுகிற அந்தப் பெரிய குளமும் மேலே சின்ன மண்டபமும் அப்படியே இருக்கின்றன. ஊரைவிட்டுப் போன சீனர்கள் திரும்பி வரும்போது பார்ப்பதற்காகத் தாய்மண்ணின் தண்ணீர் என்று பெயர் வைத்துக் கட்டினது அது. பொன் மீன் நிறைய. மிஷலின் நட்சத்திரம் வாங்கின கன்டோனீஸ், அதாவது குவாங்சோ வட்டாரச் சமையல், உணவகம் உள்ளேயே இருக்கிறது, காலையில் திம்சம் என்கிற சிறு பலகாரங்கள் சாப்பிட முன்பதிவு செய்துவிடுங்கள். இறால் கொழுக்கட்டையும் தாள் போல மெல்லிய அரிசிச் சுருளும் இரண்டு தடவை வாங்கினோம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் எதைக் கேட்டாலும் இறால், பன்றி, சிப்பிச் சாறு வேண்டாம் என்று சீன எழுத்தில் எழுதிய சீட்டைக் காட்டுங்கள், வாயால் சொன்னால் போதாது. ஐந்து நட்சத்திர விலைதான், அதை எதிர்பார்த்துப் போகவேண்டும்.

ஷாமியன் தீவு நடந்து பார்க்கிற இடம். ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இருக்காது. இரண்டாம் அபினிப் போர்க் காலத்தில், 1859இல், பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் பிடுங்கிப் பங்கு போட்டுக்கொண்ட மணல்திட்டு, அதனால் தெருவெல்லாம் ஐரோப்பிய மாளிகை, நடுவே பெரிய ஆலமரங்கள். கல்யாணப் படம் எடுக்கிற ஜோடிகளைத் தாண்டித்தான் எங்கேயும் போகவேண்டும். அந்தக் காலத்தில் குழந்தைகளை நம்பியே பிழைத்த கடைகள், அதாவது தள்ளுவண்டியை இலவசமாகக் கொடுத்து, நடந்தால் கீச்சுக்கீச்சென்று கத்துகிற குட்டிச் செருப்பும் கல்லில் பெயர் செதுக்கின முத்திரையும் விற்ற கடைகள், எங்கள் கண்ணில் படவில்லை. தூதரகம் 2013இல் நகரின் புதுப் பகுதிக்குப் போய்விட்டது. 2024 செப்டம்பரில் சீன அரசு வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிட்டதாக அறிவித்தது, நெருங்கிய ரத்த உறவுக்குள் நடப்பதைத் தவிர. கையில் சின்னக் குழந்தையோடு அந்த ஓட்டலுக்குள் நுழைகிற குடும்பம் இனி கிடையாது. வளர்ந்த பெண்கள்தான் திரும்பி வருவார்கள். ஓட்டலைவிட அவர்கள் ஊர்களைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் காரணம்.

இன்னொரு காரணம் மகள் சொன்னது. நானும் இவரும் முன்கூடத்து அருவிக்குப் பக்கத்தில் நின்று, இங்கேதான் நீ முதல் தடவை சிரித்தாய், அந்தத் தூண் பக்கத்தில்தான் வாந்தி எடுத்தாய் என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் பொறுமையாகக் கேட்டாள், படம் எடுத்துக்கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா, இது நீங்க ரெண்டு பேரும் அம்மா அப்பா ஆன இடம். நல்லாருக்கு. எனக்கு இங்க எதுவும் ஞாபகம் இல்ல. என் ஊருக்கு எப்பப் போறோம்?" கோபத்தில் சொன்னதில்லை, உள்ளதைச் சொன்னாள். பெற்றோர்கள் இதை மனதில் வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். ஓட்டலில் கிடைப்பது நம்முடைய நினைவு. அவளுக்கு வேண்டியது வேறு.

இங்கேதான் பயணக் கம்பெனிகள் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. தத்துக் குடும்பங்களுக்கென்றே தாயகப் பயணம் நடத்துகிற கம்பெனிகள் உண்டு. நாங்கள் பணம் கட்டின கம்பெனியின் பெயரை எழுதவில்லை. அவர்கள் திட்டத்தில் பெருஞ்சுவர், பாண்டா, பட்டுத் தொழிற்சாலை, முத்துக் கடை எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, பிறந்த ஊருக்கு ஒரே பகல், அதுவும் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்புவது. கேட்டால், சின்ன ஊர், அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர்கள் அனுப்பிய வழிகாட்டி மதியச் சாப்பாட்டு மேசையில், பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டதற்கு, இந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் போட்டுவிட்டுப் போனார்கள், இந்த இந்தியர்கள் எடுத்து வளர்த்தார்கள் என்று மகள் முன்னாலேயே சீன மொழியில் விளக்கினார். எங்களுக்குப் புரியாது என்று நினைத்தார். மகள் கல்லூரியில் மான்டரின், அதாவது சீனாவின் பொதுமொழி, படித்திருக்கிறாள். அவள் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். அன்றைக்கே அந்த ஏற்பாட்டை முறித்துக்கொண்டோம். கட்டின பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. யாரிடம் பதிவு செய்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: என் மகளின் கதையை உங்கள் வழிகாட்டி யாரிடமாவது சொல்வாரா? பதில் தயங்கி வந்தால் வேறு ஆள் பாருங்கள்.

அப்புறம் நாங்களே ரயில் பிடித்துப் போனோம். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து யாங்ஜியாங்குக்கு 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. 2006இல் ஆயாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேனில் குலுங்கி வந்த தூரத்தை இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவரைத் தெரிந்தவர் மூலமாக மொழிக்கு ஏற்பாடு செய்திருந்தோம், அது மிகவும் உதவியது. ஏனென்றால் ஊர்ப் பெரியவர்கள் பேசுவது யாங்ஜியாங் வட்டாரப் பேச்சு, குவாங்சோவின் கன்டோனீஸ் மொழி பேசுகிறவர்களுக்கே பிடிபடாது, மகளின் மான்டரினுக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை.

பார்க்க ஒன்றுமில்லை என்றார்களே அந்த ஊரில், மகள் எங்களை உட்காரவிடவில்லை. காலையில் சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடை. அரிசி மாவை ஆவியில் வேகவைத்த மெல்லிய தாளை விரித்து, அதன் மேல் வறுத்த அரிசி நூடுல்ஸும் முளைகட்டின பயறும் பரப்பி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, மேலே எள்ளும் சோயாச் சாறும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். யாங்ஜியாங்காரர்களின் காலைச் சாப்பாடு அது, ஊர்விட்டு ஊர் போனவர்கள் ஏங்குவதும் அதற்குத்தானாம். விலை மிகக் குறைவு, வயிறு மதியம் வரை தாங்கும். இறைச்சி இல்லாமலே கிடைக்கும் என்பதால் சைவக்காரர்களுக்கும் தோது. கடைக்காரம்மா மகளைப் பார்த்துச் சரளமாக என்னவோ கேட்டார், அவள் என் பக்கம் திரும்பி, "அம்மா, காரம் போடவான்னு கேக்குறாங்க போல, என்ன சொல்ல?" என்று தமிழில் கேட்டாள். அந்தம்மா கரண்டியைப் பிடித்தபடி அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். ஆசிரியை ஒரே வரியில், இவள் இந்த ஊர்ப் பிள்ளை, தூரத்தில் வளர்ந்தவள், பார்க்க வந்திருக்கிறாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தம்மா இன்னொரு சுருளை வெட்டித் தட்டில் வைத்தார், காசு வாங்கவில்லை. மகள் அந்தக் கடைக்கு தினமும் போனாள்.

யாங்ஜியாங் கத்திக்கும் கத்தரிக்கும் பேர்போன ஊர். சீனச் சமையலறைகளில் இருக்கிற கத்திகளில் பெரும்பகுதி இங்கேதான் செய்கிறார்கள். கடைத்தெருவில் ஒரு தாத்தா, கத்தரியின் கூர்மையைக் காட்ட ஈரப் பஞ்சைக் கிள்ளி எடுத்து அதன் மேல் வைத்து, அழுத்தாமல் மூடித் திறந்தார், பஞ்சு இரண்டாக விழுந்தது. இரண்டு வெட்டுக்கத்தியும் ஒரு கத்தரியும் வாங்கினோம். ஆனால் கவனம்: சீன ரயிலில் சமையல் கத்தியை எடுத்துப் போக விடமாட்டார்கள், நிலையத்தின் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். கடையிலேயே சொன்னால் கூரியரில் உங்கள் குவாங்சோ ஓட்டலுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கிருந்து விமானத்தில் கையில் எடுத்துப்போகாமல் செக்-இன் செய்கிற பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று இந்த ஊரின் கறுப்பு சோயா, உப்புப் போட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்தது. மூடியைத் திறந்ததும் கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி மணம் வரும். இவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, கத்தரிக்காய் வதக்கும்போது நாலு போட்டால் போதும்.

தத்துப் பத்திரங்களில், குழந்தையை எங்கே கண்டெடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்கும். மகள் அந்த இடத்தைப் பார்க்க விரும்பினாள். இல்லத்துக்குப் போகவேண்டாம் என்று அவளே முடிவெடுத்திருந்தாள், அதில் நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த இடம் எது என்று எழுத மாட்டேன், அது அவளுடையது. இப்போது அங்கே கடைகள் வந்துவிட்டன. ஆசிரியையோடு அவள் மட்டும் போனாள், நாங்கள் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒரு பழச்சாறு கடையில் நின்று வாங்கிக் குடித்தாள், கடைக்காரரிடம் என்னவோ பேசினாள், சுவரை ஒரு படம் எடுத்தாள். திரும்பி வந்து, "பஸ் ஸ்டாப் பக்கத்துலேயே இருக்கும்மா. எல்லாரும் போய் வர்ற இடம். யாரோ பாத்து எடுக்கணும்னுதான் வச்சிருக்காங்க" என்றாள். வருடக்கணக்காக அந்த வரியைப் படித்த எனக்கு இது தோன்றியதே இல்லை. ஒரு பகல் பயணத்தில், வண்டி காத்திருக்கும்போது, அவளுக்கும் இது தோன்றியிருக்காது. ஊரில் தங்கிச் சாப்பிட்டுத் தெருக்கள் பழகின பிறகு போனதால்தான் அந்த இடத்தை அவளால் ஒரு தெருவாகப் பார்க்க முடிந்தது.

அவளைப் பெற்றவர்களைத் தேடுவது பற்றிக் கேட்பீர்கள். வழிகள் இருக்கின்றன. சீனப் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2009இல் காணாமல்போன குழந்தைகளுக்காகத் தொடங்கிய டிஎன்ஏ தரவுத்தளம் இருக்கிறது, தத்துப் போனவர்களும் காவல் நிலையத்தில் ரத்தம் கொடுத்துச் சேரலாம். தன்னார்வலர்கள் நடத்துகிற தேடல் தளங்களும் உண்டு. அப்படித் தேடிச் சில குடும்பங்கள் ஒன்று சேர்ந்திருக்கின்றன. ஆனால் அது மகள் கேட்டு நடக்கவேண்டியது. எங்கள் மகள் இந்தத் தடவை ஊரை மட்டும் பார்க்கிறேன் என்றாள், சரி என்றோம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவில், அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா வழியாகத் தத்தெடுக்கிற நம் ஆட்களுக்கும் இதையே சொல்வேன்: பத்திரங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், பிள்ளை கேட்கும்போது எடுத்துக் கொடுங்கள், முந்திக்கொள்ளாதீர்கள்.

யாங்ஜியாங்கிலிருந்து ஹைலிங் தீவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், கடலுக்குள் போட்ட கரைச்சாலை வழியாகக் காரிலேயே போகலாம். அங்கே கடற்கரையில் கடல்வழிப் பட்டுப்பாதை அருங்காட்சியகம் இருக்கிறது. சோங் அரச வம்சக் காலத்து வணிகக் கப்பல் ஒன்று, அருகிலுள்ள கடலில் மூழ்கியிருந்ததை 1987இல் கண்டுபிடித்து, 2007 கடைசியில் சுற்றியிருந்த சேற்றோடு சேர்த்து ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைத்துத் தூக்கி, அப்படியே கட்டடத்துக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நான்ஹாய் 1 என்று பெயர். மிஞ்சின உடல் 22 மீட்டர் நீளம், உள்ளே கிடைத்த பொருள்கள் 1,80,000க்கும் மேல், பெரும்பாலும் பீங்கான். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கின கிண்ணங்கள், எண்ணூறு வருடம் கழித்தும் அதே அடுக்கில். லோங்சுவான் சூளையின் பச்சைக் கிண்ணங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் நின்றுவிட்டேன். எங்கள் மாவட்டத்தில் பெரியபட்டினத்தில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது மண்ணுக்கடியில் கிடைத்த சீன ஓடுகளில் இதே சூளைச் சரக்கு உண்டு. என் சின்ன வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். மகளிடம் சொன்னேன். "அப்ப உங்க ஊருக்கும் என் ஊருக்கும் முன்னாடியே சரக்கு போயிருக்கு" என்றாள், அம்மாச்சிக்குக் காட்ட அந்தக் கிண்ணத்தைப் படம் எடுத்து உடனே அனுப்பினாள். தமிழ்க் குடும்பமாக அந்தக் கடற்கரையில் நிற்பதற்கு எங்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைத்திருக்காது. குவாங்சோவில் போதிதர்மர் வந்து இறங்கினதாகச் சொல்கிற ஹுவாலின் கோயிலுக்கும் போனோம், நல்ல கோயில், ஷாமியனிலிருந்து பக்கம்தான். ஆனால் மகள் மனதில் நின்றது கப்பல்தான்.

சில நடைமுறை விஷயங்கள். மகள் முதல்தடவை சீன விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, அவள் சீனாவில் பிறந்தவள் என்பதால் குழந்தையாக வெளியே வந்த அந்தப் பழைய சீனப் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். தொலைத்துவிடாதீர்கள், எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவையுங்கள். இல்லத்துக்குப் போக விரும்பினால் பெய்ஜிங்கிலிருக்கிற குழந்தைகள் நல, தத்தெடுப்பு மையத்திடம் வெகு முன்னதாகவே விசாரித்து அனுமதி கேட்க வேண்டும், நேரே போய்க் கதவைத் தட்டுகிற விஷயம் இல்லை. பணம் எல்லாம் போனில்தான், அலிபே, வீசாட் என்கிற செயலிகளில் வெளிநாட்டு அட்டையை இணைக்கலாம், கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். சந்தையில் கீரை விற்கிற பாட்டிகூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். சின்ன ஊர்களில் அறை பதியும்போது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். யாங்ஜியாங்கில் ஒரு விடுதியில் ராத்திரி பத்து மணிக்கு, மகளின் முகத்தைப் பார்த்துச் சீன அடையாள அட்டை கேட்டு, எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கணினியில் பதியத் தெரியவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மூட்டையோடு இன்னொரு விடுதி தேடிப் போனோம், அங்கே ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஒயிட் ஸ்வானுக்கு என்னைக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து, அதில் ஒன்று அந்தச் சுடுதண்ணீர் பிளாஸ்க்குக்கு. வந்து இறங்கினதும் களைப்பு தீர அங்கே தங்குங்கள், போகும்போது ஒரு ராத்திரி தங்குங்கள். நடுவில் வருகிற நாளெல்லாம் அவள் ஊரில். பயணத்துக்கு நல்ல காலம் அக்டோபர், நவம்பர். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அந்தக் கடற்கரையில் புயல் பயம், வெக்கையும் தாங்காது. யாங்ஜியாங் பட்டத்துக்கும் பேர்போன ஊர், சீன நாள்காட்டியில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி பட்டம் விடுகிற திருநாள், பெரும்பாலும் அக்டோபரில் வரும். எங்களுக்கு இந்தத் தடவை அது தவறிவிட்டது, மகள் அடுத்த வருடத்துத் தேதியை இப்போதே குறித்துவைத்திருக்கிறாள். ரயில் டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர்ப்படியே பதியுங்கள், அந்த வாரம் கூட்டம் இருக்கும்.